கிட்டப் போனால் தள்ளிப் போகிறவள்

சின்னம்மாளுக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவள் தேவயானி, நடுவுள்ளவள் வேணி, கடைசி தமிழழகன். ஆனால் யார் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்வாள். திருமழபாடிப் பக்கத்தில் பிறந்து, அரியலூருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊரில் வாக்கப்பட்டவள். புருஷன் ராசாங்கம் சவுதியில் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தால் தைலமும் கம்பளியும் கொண்டுவருவார். ஒரு தடவை படம் பிடிக்கிற செல்போன் கொண்டுவந்தார். ஊரிலேயே அதுதான் முதல்.

அந்த லீவில்தான் வேணி போனது. ஒன்பது வயசு. ஊருக்கு வடக்கே கல் வெட்டி எடுத்துவிட்டுப் போட்டுவிட்ட பள்ளம் ஒன்று, கிளிப்பச்சைத் தண்ணீரோடு கிடந்தது. அதன் கரையில் வட்டம் வட்டமாகச் சுருண்ட சங்குக்கல் கிடைக்கும். அந்தக் காலத்தில் அங்கெல்லாம் கடல் இருந்ததாம், அதில் இருந்த பூச்சிகள் கல்லாகிவிட்டதாம், காலேஜ் சார்மார் வந்து பார்த்துவிட்டுச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். வேணி நாலு பிள்ளைகளோடு கல் பொறுக்கப் போனாள். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

தேவயானி அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் பேரில் ஒரு குற்றமும் கிடையாது. காரியம் முடிந்ததும் ராசாங்கம் வேணியின் பாவாடை, சிலேட்டு, ரிப்பன், அவள் இருந்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டினார். கன்னியாகப் போன பிள்ளையின் பண்டம் வீட்டில் தங்கக் கூடாது என்று அதே பச்சைத் தண்ணீரில் விட்டார். சின்னம்மாள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றோடு அந்தப் பேரை வாயில் எடுப்பதை நிறுத்திவிட்டாள். ராசாங்கமும் பிறகு பத்து வருஷம்தான் இருந்தார், நெஞ்சுவலி.

ஆனால் ஒரு பண்டம் தண்ணீருக்குப் போகவில்லை. அந்த சவுதி செல்போனுக்குள் நகம் அளவு கார்டு ஒன்று இருக்கும். அதைத் தேவயானி கழற்றி, தன் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாள். அதில் ஒரே ஒரு வீடியோ. வேணி சாவதற்கு முந்தின வாரம் எடுத்தது. எடுத்தவளே வேணிதான், அதனால் அவள் அதில் இல்லை. பள்ளத்து மேட்டில் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே தேவயானி இரட்டைச் சடையோடு அங்குமிங்கும் தேடிக்கொண்டிருக்கிறாள். போனுக்குப் பின்னாலிருந்து வேணியின் சிரிப்பு கேட்கிறது. அப்புறம், "இங்க இருக்கேன்க்கா" என்கிறது குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "இங்க இருக்கேன்". அவ்வளவுதான்.

தேவயானி பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து கொடுக்கிற கம்பெனி. அதில் இவளுக்கு என்ன வேலை என்றால், விளையாட்டுக்குள் போய் ஒவ்வொரு சுவராக முட்டிப் பார்ப்பது. எந்தச் சுவரில் ஆள் உள்ளே புகுந்துவிடுகிறான், எந்தத் தரையில் ஆள் விழுந்துகொண்டே போகிறான் என்று எழுதித் தர வேண்டும். லீவில் வரும்போது சித்தப்பன்மார் கேட்பார்கள்.

"என்ன வேலம்மா பாக்குற?"

"சுவத்துல முட்டுறேன் சித்தப்பா."

"அதுக்கா நாலு வருஷம் படிச்ச? இங்கயே முட்டியிருக்கலாமே, வூட்டுல சுவரு இல்லியா?"

அப்பா போன பிறகு அம்மாவையும் தம்பியையும் தனியே விட முடியாமல் ஊரோடு வந்துவிட்டாள். காலையில் அரியலூர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துவாள். மத்தியானத்துக்கு மேல் மெத்தைப்படி ஏறி, மாடியில் இருக்கிற சிமெண்டு ஷீட் போட்ட அறையில் தனக்கென்று ஒரு விளையாட்டு செய்ய உட்கார்ந்தாள். ஆள் இல்லை, கூட்டு இல்லை, ஒருத்தியே செய்தாள். இரண்டு மூன்று மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் அமையவில்லை. அமையாததில் அவளுக்குக் குறை இருந்ததாகவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாயி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்லுவாள்: "படிச்ச புள்ள, பொட்டியில பொம்ம ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நம்ம புள்ளைவளாச்சும் பரவால்ல, ஆடாவது ஓட்டுது."

அந்த விளையாட்டு இப்படி. செல்போனைத் திறந்தால் ஒரு ஊர். மண் வெள்ளை வெளேரென்று இருக்கும், சுண்ணாம்புப் புழுதி படிந்த பனைமரம், பூட்டிய வீடுகள், தூரத்தில் பள்ளம். ஒரு ஜீவன் கிடையாது. காற்றுச் சத்தம் மட்டும். விளையாடுகிறவர் அதில் நடந்து போக வேண்டும். நடக்க நடக்க ஒரு சின்னப்பிள்ளை கூப்பிடும், "இங்க இருக்கேன்க்கா." குரல் வந்த திசையில் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு சங்குக்கல் கிடக்கும், இல்லாவிட்டால் ஈரக் காலடி இருக்கும். அதற்குள் குரல் வேறு இடத்தில் கேட்கும். பிள்ளையைக் கண்டுபிடிக்கவே முடியாது. விளையாட்டுக்கு முடிவு என்பதே கிடையாது.

முடிவு வைக்கக் கூடாது என்பது அவள் எண்ணமில்லை. முதலில் வைத்துத்தான் பார்த்தாள். ஆள் கிட்டே போனதும் மரத்துக்குப் பின்னாலிருந்து பிள்ளை வெளியே வர வேண்டும். வந்தால் முகம் வேண்டுமே. தேவயானிக்கு அந்த முகம் வரவில்லை. வரைந்து வரைந்து பார்த்தாள். ஒரு தடவை அவள் முகமாகவே வந்தது, ஒரு தடவை சோப்பு விளம்பரத்துப் பிள்ளையாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டு வேணி வகுப்பு குரூப் போட்டோவை வாங்கினாள். கடைசி வரிசையில், உயரமான ஒரு பிள்ளைக்குப் பின்னால், சிவப்பு ரிப்பன் ஒன்று தெரிந்தது. வேணி அவ்வளவுதான் அந்தப் போட்டோவில். கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்தவள், கண்ணை மூடினால் குரல் வருகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் பட்ட சுவர் மாதிரி வெறிச்சென்று இருக்கிறது.

அதனால் ஒரே ஒரு வரி எழுதி வைத்தாள். கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில்தான். ஆள் இத்தனை தூரத்துக்குள் வந்தால், பிள்ளையைத் தூக்கி வேறு இடத்தில் வை. முகம் காட்ட வேண்டியதில்லை. காரியம் முடிந்தது.

'இங்க இருக்கேன்' என்றே பேர் வைத்து வெளியிட்டாள். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கெங்கேயோ இருந்து ஆட்கள் விளையாடினார்கள். ஒன்றுமே நடக்காததுதான் பயமாக இருக்கிறது என்று ஒருத்தர் எழுதினார். பிரேசிலில் ஒரு பெண், எந்தெந்த இடத்தில் குரல் கேட்கிறது என்று அந்த விளையாட்டு ஊருக்கு ஒரு வரைபடமே போட்டு அனுப்பினாள். அந்தப் பிள்ளை எங்கேதான் இருக்கிறாள் சொல்லுங்கள் என்று கெஞ்சினவர்கள் உண்டு. குரல் யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போது தமிழழகனுக்குப் பெண் அமைந்தது. அரும்பாவூர் அழகேசன் மகள் மேகலா. நல்ல இடம், மக்காச்சோளக் காடும் கிணறும் உள்ள குடும்பம். மூத்தவள் இருக்கத் தம்பிக்கு முடிக்கலாமா என்று பேச்சு வந்தது. தேவயானியே நின்று பேசி முடித்தாள்.

நம்ம பக்கத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகை அடிப்பதும் பந்தல் போடுவதும் அப்புறம். முதலில் பூவாடைக்காரியைக் கூப்பிட வேண்டும். அந்த வீட்டில் பூவோடு போனவள், வாழாமல் போனவள் யாரோ, அவளை நீர்த்துறையில் போய் அழைத்து வந்து, புதுத் துணி வைத்து, அவள் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் தாலிக்கு மஞ்சள் பூசுவது. வேணி போனதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கிற முதல் நல்ல காரியம் இதுதான். எனவே அவளை இதுவரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வெயில் தாழ்கிற நேரம், பள்ளத்துக் கரைக்குப் போனார்கள். அழகேசனும் வந்திருந்தார். உடுக்கை அடிக்கக் கருப்பண்ணன் பூசாரி. கரையில் மூன்று கல் நட்டு மஞ்சள் பூசி, வாழையிலையில் மல்லிகைச் சரத்தை வைத்து, சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டார்கள். உடுக்கை அடித்துக் கூப்பிடக் கூப்பிட இலை கரைக்குத் திரும்பி வர வேண்டும். வந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் கூட்டத்தில் யார் மேலாவது வந்து பேசுவாள்.

இலை மிதந்து நடுப்பள்ளத்துக்குப் போய் நின்றது. காற்று கரைப்பக்கம்தான் அடித்தது. இலை அசையவில்லை. கருப்பண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. தாயே என்றார், மகளே என்றார், கன்னித் தெய்வமே என்றார், பட்டு வைக்கிறேன் என்றார், பால் வைக்கிறேன் என்றார். கடைசியில் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சின்னம்மாளைப் பார்த்தார்.

"ஆயா, அவ சாமான் ஏதாச்சும் வூட்டுல வச்சிருக்கியா?"

"கிழிஞ்ச துணிகூட இல்ல பூசாரி. அவரு அப்பயே எல்லாத்தயும் இந்தத் தண்ணியில விட்டுட்டாரு."

"இல்ல. யாரோ புடிச்சு வச்சிருக்காங்க. புள்ள வரணும்னு நெனக்குது, வர முடியல. காலு கட்டிக் கெடக்குது. யாரு வச்சிருக்காங்களோ வுட்டுடணும், சொல்லிட்டேன்."

அழகேசன் துண்டை உதறித் தோளில் போட்டார். மரியாதையான மனுஷர், சத்தம் போடவில்லை. "சம்பந்தியம்மா, நான் கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க. எம்பொண்ணு வந்து வாழப்போற வூடு. ஒரு கன்னி மொகம் திருப்பிக்கிட்டு நிக்கிறப்ப நான் எப்புடி வாசப்படி மிதிக்க வுடுறது? புதங்கிழம இன்னொரு தரம் கூப்புடுங்க. வந்தா வியாழக்கிழம தாலி. வரலன்னா ஆடி கழிச்சுப் பேசிக்குவோம்."

ஆடி கழித்து என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழழகன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவயானிக்குச் சாமி, உடுக்கை இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பூசாரி சொன்னதும் ஜாமெட்ரி பாக்ஸில் போட்ட கார்டு ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் சென்டருக்குப் போகவில்லை. மெத்தை அறையில் உட்கார்ந்து கார்டில் இருந்த வீடியோவை அழிக்கக் கை வைத்தாள். அப்போதுதான் உறைத்தது. இதை அழித்து என்ன ஆகப் போகிறது? அந்தக் குரல் இங்கேயா இருக்கிறது? எத்தனையோ ஆயிரம் செல்போனில் இருக்கிறது. பெயர் தெரியாத ஊர்களில், பஸ்ஸிலும் ஆபீஸிலும் படுக்கையிலும், யார் யாரோ அவளைத் துரத்துகிறார்கள். அவள் இங்க இருக்கேன், இங்க இருக்கேன் என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். கார்டில் இருந்ததைத் தண்ணீரில் போட்டிருந்தால் ஒரு மூட்டையோடு போயிருக்கும். இவள் அதை உலகம் பூராவும் இறைத்துவிட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நான் அத வெளையாண்டிருக்கேன்க்கா."

"எப்ப?"

"வந்த புதுசுல. பசங்களோட. இப்ப பேசி முடிச்சதும் மேகலாவுக்குக்கூட அனுப்பினேன். நீ யாரோ சின்னப் புள்ளயப் பேச வச்சிருக்கன்னு நெனச்சேன். நாங்க சிரிச்சுக்கிட்டே வெரட்டுவோம். எனக்கு அவ கொரலே தெரியாதுக்கா. கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கிறேன்."

"உனக்கு அப்ப நாலு வயசு. என்ன தெரியும்?"

"அம்மாகிட்ட சொல்லணும்."

"சொன்னா செத்துரும்."

"சொல்லலன்னா மட்டும்? புதங்கிழம அந்த எல நடுப்பள்ளத்துல நிக்கும். அழகேசன் மாமா துண்ட உதறுவாரு. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னம்மாள் கல்யாணச் சமையலுக்குப் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். தேவயானி பக்கத்தில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது அம்மாவின் கை நிற்கவில்லை. கொட்டையை எடுத்து ஒரு பக்கம், புளியை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "போடு" என்றாள்.

தேவயானி போனைத் திறந்தாள். வெள்ளை ஊர் வந்தது. காற்றுச் சத்தம். "இங்க இருக்கேன்க்கா."

சின்னம்மாள் கையிலிருந்த புளியை மெதுவாகக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அழுவாள் என்று தேவயானி பயந்துகொண்டிருந்தாள். அவள் அழவில்லை.

"இதுல எப்புடி நடக்குறது?"

"இந்த வட்டத்தத் தள்ளும்மா. எந்தப் பக்கம் தள்றியோ அந்தப் பக்கம் போவும்."

வாழ்நாளில் போனில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர வேறு எதையும் தொடாதவள். முதலில் வேலியில் போய் முட்டினாள், பனைமரத்தில் முட்டினாள். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. குரல் வந்த பக்கமெல்லாம் போனாள். "தோ வரேன், தோ வரேன்" என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே போனாள். புளியில் ஈ மொய்த்தது. பாப்பாயி வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. தேவயானி போனைப் பிடுங்கலாம் என்று கை நீட்டினாள். அம்மா தோளை மட்டும் திருப்பிக்கொண்டாள், பால் குடிக்கிற பிள்ளையை அணைத்தவள் திரும்புகிற மாதிரி.

பொழுது சாய்கிற சமயத்தில்தான் போனை மடியில் வைத்தாள்.

"ஏன் புள்ள, அவ ஏன் ஓடுறா?"

"ஒளிஞ்சு வெளையாடுறாம்மா. அப்புடித்தான் வெளையாட்டு."

"இல்ல. நாலஞ்சு தரம் பாத்துட்டேன். நான் கிட்டப் போறப்பதான் போறா. அவளா ஓடுறதுன்னா காலு சத்தம் கேக்கும்ல. ஒரு சத்தமும் இல்ல. யாரோ தூக்கிக்கிட்டுப் போயி வக்கிறாங்க. யாரு?"

தேவயானி குனிந்து சிந்திய புளிக்கொட்டையைப் பொறுக்கினாள்.

"நீயா?"

"ஆமா."

"எம்புள்ள இங்க இருக்கேன், வந்து தூக்கிக்கன்னு கூப்புடுது. வர்றவங்களையெல்லாம் கிட்ட சேர வுடாம நீ வெரட்டி அடிச்சுக்கிட்டே இருக்க. எத்தினி வருஷமா?" சத்தமே இல்லாமல் கேட்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"மொகம் ஞாபகம் இல்லம்மா. கிட்ட வந்தா மொகம் காட்டணும். என்னால வரைய முடியல. நீ சொல்லு. நீ சொன்னா நான் வரைஞ்சுடுறேன். எப்புடி இருப்பா?"

சின்னம்மாள் சுவரைப் பார்த்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது. நெற்றி என்று சொல்ல வருகிறாள், பிறகு மூக்கு என்று வருகிறாள், வார்த்தை வெளியே வரவில்லை. அவள் கண்ணில் ஒரு பயம் வந்ததைத் தேவயானி பார்த்தாள். அப்படியொரு பயத்தை அந்தப் பிணத்தைத் தூக்கி வந்த அன்றுகூட அவளிடம் பார்த்ததில்லை.

"எனக்கும் இல்ல" என்றாள் சின்னம்மாள். "பேரச் சொல்லாம இருந்தா ரணம் ஆறும்னு நெனச்சேன். மொகம் போயிட்டு."

இரண்டு பேரும் அந்தப் புளி நடுவே உட்கார்ந்திருந்தார்கள். தமிழழகன் உள்ளே வந்து விளக்கைப் போட்டான். அம்மா கண் கூசி ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்படி மறைத்த கையைத் தானே பார்த்தாள்.

"கையி தெரியும்" என்றாள். "இடது கையி சுண்டு வெரலு கோணலா இருக்கும். கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுல்ல, அவங்க அப்பாரு சேரியில எலும்பு கட்டுற வைத்தியர்கிட்ட தூக்கிக்கிட்டு ஓடுனாரு. கையி எப்பப் பாத்தாலும் பிசுபிசுன்னு இருக்கும். வெல்லப் பானையில வுட்டுட்டு வந்து என் சீலையப் புடிப்பா. சீலையெல்லாம் எறும்பு."

தேவயானிக்கும் அது வந்தது. ஒரே பாயில் படுத்தபோது அந்தப் பிசுக்கான கை தன் கழுத்தில் கிடந்த கனம் வந்தது.

அன்றிலிருந்து புதன்கிழமை வரை தேவயானி கல்யாண வேலை ஒன்றும் பார்க்கவில்லை. வாழைமரம் கட்டுகிறவர்கள் முனகினார்கள், அவள் மெத்தையை விட்டு இறங்கவில்லை. தூக்கி வேறு இடத்தில் வை என்று எழுதிய வரியை எடுத்தாள். முகம் வைக்கவில்லை. ஆள் கிட்டே போனால், படத்தின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை வரும், சுண்டுவிரல் கோணல், வந்து ஆளுடைய கையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு கையும் மட்டும் தெரிய, பள்ளத்திலிருந்து ஊருக்குள் நடந்து, ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். கதவு திறக்கும். அவ்வளவுதான், விளையாட்டு முடிந்தது. சின்னம்மாளை உட்காரவைத்து அவள் குரலையும் பிடித்தாள். "வேணி, வா, வூட்டுக்குப் போவலாம்." அந்தப் பேரைச் சொல்ல அவளுக்கு முதலில் நாக்கு புரளவில்லை. சொல்லிய பிறகு, இன்னொரு தரம் சொல்லவா என்று அவளே கேட்டாள்.

புதன்கிழமை காலையில் அதை அப்டேட் என்று எல்லோர் செல்போனுக்கும் அனுப்பினாள். அன்று சாயங்காலம் மறுபடியும் பள்ளத்துக் கரை. இந்தத் தடவை மேகலாவும் அப்பாவோடு வந்து ஒதுங்கி நின்றாள். கருப்பண்ணன் உடுக்கையை எடுத்தார். சின்னம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பூசாரி, தாயி மாயின்னு கூப்புடாத. பேரு சொல்லிக் கூப்புடு. அது சின்னப் புள்ள."

இலை நடுப்பள்ளத்துக்குப் போய் நின்றது. கருப்பண்ணன் வேணி, வேணி என்று கூப்பிட்டு அடித்தார். கரையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இலை கொஞ்சம் திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைப் பார்த்து வந்தது. முக்கால் தூரம் வந்து, மறுபடி நின்றுவிட்டது.

அப்போது தமிழழகன் கையில் இருந்த தேங்காய் கீழே விழுந்தது. மாப்பிள்ளை மேல் பூவாடை வந்து யாரும் பார்த்ததில்லை. ஆறடி ஆள், தரையில் குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். தலையைத் தொங்கப்போட்டு, கண்ணை யாருக்கும் காட்டாமல், இடது கைச் சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டான்.

கருப்பண்ணன் பக்கத்தில் போய்க் குனிந்தார். "யாரு வந்திருக்கிறது?"

அவன் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"வேணியா? வூட்டுக்கு வந்துட்டியா ஆயா?"

"கொஞ்சம்" என்றான். குரல் அவன் குரல்தான். பேசினது அவன் இல்லை.

"என்னது கொஞ்சம்?"

"கொஞ்சந்தான் வந்திருக்கேன். மிச்சம் நெறய எடத்துல நிக்கிது. ஓடி ஓடிக் காலு வலிக்கிது."

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அழகேசனுக்கும் புரியவில்லை. கூட்டத்தில் தேவயானி மட்டும்தான் அதைக் கேட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்டேட் போட்டவர்கள் போனில் வேணி வீட்டுக்கு வந்துவிட்டாள். போடாதவர்கள் போனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"வந்த வரைக்கும் உத்தரவு குடுப்பியா?" என்றார் கருப்பண்ணன். "உன் தம்பிக்கு நாளைக்குத் தாலி."

முழங்காலுக்குள்ளிருந்து தலை மேலும் கீழும் ஆடியது. சின்னம்மாள் புதுப் பாவாடையும் ஒரு உருண்டை வெல்லமும் கொண்டுபோய் எதிரில் வைத்தாள். அவன் வெல்லத்தை எடுத்துக் கடித்தான், அப்படியே சாய்ந்து விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, வாயெல்லாம் ஏன் இனிக்கிறது என்று கேட்டான். அழகேசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "உத்தரவு குடுத்துருச்சில்ல, அப்புறம் என்னாங்க. ஆவ வேண்டியதப் பாருங்க."

வியாழக்கிழமை தாலி ஏறியது. மேகலா நல்ல பெண், வீட்டோடு ஒட்டிக்கொண்டாள். அந்தப் பாவாடை உள் அறையில் மூங்கில் கூடையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறார்கள். சின்னம்மாளை இப்போது யார் கேட்டாலும் பிள்ளைகள் மூன்று என்கிறாள்.

தேவயானி மட்டும் எழுந்ததும் மெத்தைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். பழையதை வைத்திருக்கிற போன்கள் எத்தனை என்று அது காட்டும். நாளுக்கு நாள் குறைகிறது, இல்லாமல் போகவில்லை. தயவு செய்து அப்டேட் போடுங்கள் என்று எழுதிப் பார்த்தாள். பாதிப்பேர் போட்டார்கள். மீதிப்பேர், பழையதுதான் நன்றாக இருந்தது, கை வந்து பிடித்தால் பயம் போய்விடுகிறது, நாங்கள் மாற்ற மாட்டோம் என்று எழுதினார்கள். ஒருத்தர் தன் பையன் தினமும் காரில் போகும்போது அவளுக்குப் பதில் குரல் கொடுக்கிறான், அவள் வீட்டுக்குப் போய்விட்டால் அவன் யாரைக் கூப்பிடுவான் என்று கேட்டிருந்தார்.

அதைத் தமிழில் சொல்லி அம்மாவிடம் கேட்டாள். "என்னம்மா எழுதட்டும்?"

சின்னம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிதானமாக யோசித்தாள்.

"வச்சிருக்கட்டும். ஆனா கிட்டப் போவ வேணாம்னு எழுது. அவ கூப்புட்டா நின்ன எடத்துலயே நிக்கச் சொல்லு. கிட்டப் போனாத்தான அவ ஓடணும்? எட்ட நின்னு கேட்டுக்கச் சொல்லு. அவளும் செத்த நேரம் ஒக்காரட்டும்."

தேவயானி அதை அப்படியே இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். வேடிக்கையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் சிலபேர் பதில் எழுதினார்கள், இன்னும் எழுதுகிறார்கள். போனை மேசை மேல் வைத்துவிட்டோம், ஒன்றையும் தொடவில்லை, அவள் கூப்பிடுகிறாள், நாங்கள் நகரவில்லை என்று.